தெளிந்த வாய்க்கால்

கடலைத் தோல் கருகும்போது வரும் வாசனை எனக்குப் பிடிக்கும். விசாரணைக்குத்தானே வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் ஐயா. கதவை மூட வேண்டாம், நான் எங்கும் ஓடப் போவதில்லை.

சாயப்பட்டறையில் ரசாயனப் பொறுப்பு என்னுடையது. எங்கள் கழிவுத் தண்ணீர் வாய்க்காலில் சிவப்பாக ஓடியவரை ஒருவரும் அதைத் தொட்டதில்லை. மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மாட்டுக்கு இருக்கும் அந்த அறிவை நான் வேறு யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. என் தங்கை மாப்பிள்ளைக்கு வாய்க்கால் ஓரத்தில் காய்கறித் தோட்டம். எந்தக் கூட்டம் நடந்தாலும் சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் தூக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே ஆட்டுவார்.

"படிச்சு என்னத்தைக் கிழிச்சீங்க மச்சான்? இந்தச் சிவப்பை எடுக்கத் தெரியலையா?"

ஊரே சிரிக்கும்.

எடுத்துக் காட்டினேன். கடலைத் தோலைக் காற்றுப் படாமல் கருக்கி, நீராவி விட்டுச் சூடேற்றினால், கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். சாயம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய தொட்டி நிறைய அந்தக் கரியைப் போட்டுத் தண்ணீரை விட்டேன். மறுபக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. துணியில் சாயம் வெளுக்காமலிருக்க நாங்கள் கலக்கும் குரோமிய உப்பும் கூடவே வந்தது. அந்த விஷத்தை எடுக்க வேறு வேலை செய்ய வேண்டும். அந்த அளவில் அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அவர்கள் கேட்டது சிவப்பைப் பற்றி மட்டும்தான். உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தொட்டியைத் திறந்துவைத்த அன்று மாப்பிள்ளை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குடிக்கலாமா மச்சான்?"

"உங்க கண்ணு என்ன சொல்லுது?" என்றேன்.

ஒரே மடக்கில் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்டவர் மாதிரி கையைத் தூக்கினார். எல்லோரும் கைதட்டிவிட்டு ஆளுக்கொரு டம்ளர் பிடித்துக் குடித்தார்கள். மறு வாரமே வாய்க்காலில் குடங்கள் இறங்கின. என்னைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம், நான் முந்தி நீ முந்தி என்று சண்டைபோட்டு மொண்டுகொண்டு போனது. ஆய்வுக்கூட ஜன்னலில் நின்று பார்த்தேன். சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

முதலில் மாப்பிள்ளைக்குக் கால் வீங்கியது. பிறகு சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயுள்ள தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலிருந்து கேனில் வரவழைத்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

"உங்க தண்ணிதான் மச்சான் சுத்தம்," என்றார். குரல் எழும்பவில்லை.

எழுந்து உட்கார முடியாதவர். தலையைத் தாங்கிப் பிடித்து, நான்தான் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

அவருக்குப் பிறகு இன்னும் பலர் செத்தார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். மாப்பிள்ளையின் காரியம் முடிந்ததும் தங்கை வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "உனக்குத் தெரியுமா அண்ணா?"

தெரியும் என்றேன். பொய் சொல்வது என் பழக்கமில்லை.

திறந்துவைத்த அன்று எல்லோரும் குடித்தார்களே, நீ மட்டும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அதற்கும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. எனக்கு அன்று தாகம் இல்லை.