துளசியைவிட

ஷாமினி, உன் அம்மா வைக்கும் நெத்திலிச் சம்பலில் எப்போதும் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் சம்பல் அதைவிட நன்றாக வந்தது, எனக்கு அது போதும்.

அம்மாவின் பிஸ்கட் டின்னில் கிடந்த மருத்துவமனைக் கடிதத்தை வைத்துக்கொண்டு, "சின்னம்மா, இத அம்மாவுக்குப் படிச்சுச் சொன்னது யாரு?" என்று நேற்று போனில் கேட்டாய். போனை வைத்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் உன் அம்மா துளசியும் நானும் அடுத்தடுத்த லயத்து வீடு. அவள் ஆறாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனாள். நான் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தேன், மலாய் வாசிக்கத் தெரியும். தோட்டத்தை விற்றபின் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போனார். உன் அப்பா குடித்துவிட்டு அடித்தார். நம்ம பாடு தேவலை என்று தேற்றிக்கொண்டேன். மலாய்க் கடிதம் எது வந்தாலும் துளசி நான்கு மாடி இறங்கி என்னிடம்தான் வருவாள். அவள் வந்து நிற்கும்போதெல்லாம் என் மனசு குளிரும்.

பிறகு நீ ஜொகூரில் வீடு வாங்கினாய். சாவி கிடைத்ததும் அம்மாவை அழைத்துப்போவதாகச் சொன்னாய். என் மகன் சுரேன் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டுப் படுத்திருந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் அவள் செய்துகொண்ட பரிசோதனைக்கு மருத்துவமனையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மார்பில் கட்டி தெரிகிறது, பதினான்காம் தேதி கட்டாயம் வரவேண்டும் என்று இருந்தது.

"என்னா போட்டிருக்கு புனிதா?"

"ஒன்னும் இல்லலா. எல்லாம் ஓகே. அடுத்த வருசம் வரச் சொல்லியிருக்கான்."

உனக்குப் படம் பிடித்து அனுப்பட்டுமா என்றாள். வேலை நேரத்தில் பிள்ளையைத் தொந்தரவு செய்யாதே என்றேன்.

அவள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. புது வீட்டுக்குக் கொஞ்சம் நோயோடு போகட்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருப்பேன். அவள் உன் வீட்டுப் படங்களைக் காட்ட வருவாள், நான் தேநீர் போட எழுந்துவிடுவேன். இப்படியே பத்து மாதம் போய்விட்டது.

உனக்குச் சாவி கிடைத்த மாதம் அவள் கட்டி முற்றி வார்டில் கிடந்தாள். "நீ இல்லன்னா எனக்கு யாரு இருக்கா" என்று என் கையைப் பிடித்தாள். அழுதேன், பொய் அழுகை இல்லை. அழும்போதே, எனக்கு இப்படி ஒன்றும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவைக் கொன்றது நான்தான். போலீசில் கொடுப்பதென்றால் கொடு. ஆனால் இதை இப்படி ஒளிக்காமல் எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? துளசிக்கு வந்திருக்காது.