மௌன வகுப்பில் ஒரு மைக்

காது கொடுப்பதையே தொழிலாகவும், காத்திருப்பதையே தவமாகவும் கொண்டு, பேசச் சொன்னால் புன்னகைத்தே பொழுதைப் போக்கிவிடும் தலைவர் அவர்களே! முழங்கால் வலியை மூட்டை கட்டிக் கீழே வைத்துவிட்டு முப்பத்திரண்டு படியேறி முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! வீட்டில் பேச இடமே கிடைக்காததால் பாதி மௌனத்தை அங்கேயே பழகிவிட்டு, மீதிப் பாதிக்கு மட்டும் இங்கே வந்து சேர்ந்த தாய்மார்களே! அந்த இடத்தைக் கொடுக்காத குற்ற உணர்ச்சியில் இப்போது மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கணவன்மார்களே! என் பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காகக் கீழ்த்தளத்தில் தன் சலவை இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கும் கடைக்காரத் தம்பி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இரண்டு காதையும் தாழ்த்தி என் வணக்கம்.

மௌன வகுப்புக்குப் பத்தாம் ஆண்டு விழா. அதில் ஒரு சிறப்புரை. அதற்கு ஆள் யார்? 'ரேடியோ' என்று இந்தப் பகுதி முழுக்க அழைக்கப்படும் அடியேன்! இந்த யோசனையைச் சொன்ன செயலாளரைப் பாருங்கள், நல்லவர்தான். ஆனால் இவரிடம் மீன் தொட்டிக்கு ஒரு காவல் கேட்டால் பூனையைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். சிரியுங்கள், சிரியுங்கள். அவரே சிரிக்கிறார்.

ஆன்மிக வளர்ச்சியில் ஆசிரியரின் பங்கு என்ன, சொந்த அனுபவத்தின் பங்கு என்ன என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்ததோ ஒரே ஓர் அனுபவம். அதுவும் அவமானமான அனுபவம். ஆகவே சுவையாக இருக்கும்.

தொழில் முறையில் நான் தரை ஓடு விற்கிறேன். குளியலறைக்கா, கூடத்துக்கா என்று வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் நிறம் சொல்லி, அளவு சொல்லி, அவர் மனைவிக்கு எது பிடிக்கும் என்பதையும் நானே சொல்லிவிடுவேன். வாய் வளர்த்தேன். வயிறு வளர்த்தேன். வயதும் வளர்த்தேன், ஐம்பத்து நான்கு. செவியை வளர்த்தேனா? அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது ஒரு தொலைபேசி.

என் மகள் வேறோர் ஊரில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் அழைப்பாள். தன் அம்மாவோடு நாற்பது நிமிடம். என்னோடு எவ்வளவு? "நல்லா இருக்கீங்களாப்பா? சரி, அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான்! மூச்சுவிட்டு முடிப்பதற்குள் என் முறை முடிந்துவிடும். பெற்ற மகளுக்கு நான் தொலைபேசியை எடுத்து மாற்றிக் கொடுக்கும் ஊழியன். ஊழியனுக்காவது ஓய்வூதியம் உண்டு.

என் மனைவி அப்போதே இந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதோ, இரண்டாம் வரிசையில், 'எல்லாத்தையும் சொல்லப் போறாரு' என்ற முகத்தோடு அமர்ந்திருக்கிறாளே, அவள்தான். "நீங்களும் வாங்களேன், கேக்கறதுக்கு அங்க பழக்கறாங்க" என்றாள். மகள் என்னோடு பேச வேண்டும் என்ற ஒரே ஆசையில் நானும் வந்தேன். ஞானம் தேடி வந்தேன் என்று விழா மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் தலைவர்தான் இந்த வகுப்பின் ஆசிரியர்; என்னைவிடப் பதினாறு வயது இளையவர். பகலில் ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவர். மாலையில் இங்கே இருபது நிமிடம் கண்மூடி உட்காரச் சொல்வார். பிறகு இரண்டு வாக்கியம் பேசுவார். சில நாள் அந்த இரண்டையும் மறந்துவிடுவார். நானா மறப்பேன்? மற்றவர்கள் கண்ணை மூடியபோது நான் நோட்டைத் திறந்தேன்! ஒரு நாள், "இன்னைக்கு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றார். அந்த ஒண்ணுமில்லைக்கு நான் மூன்று பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். ஓராண்டில் ஏழு நோட்டுகள். ஓரங்களில் சிவப்பு மை.

ஒருமுறை எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். "இந்த வாரம் யாராவது ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் குறுக்க போகாம கேளுங்க. முடிச்சப்புறம் மனசுக்குள்ள மூணு எண்ணிட்டு அப்புறம் வாயத் திறங்க." எவ்வளவு எளிது! எவ்வளவு அழகு! இதைக் கடையில் சொன்னேன், பேருந்தில் சொன்னேன், முடிதிருத்தும் நாற்காலியில் கழுத்தில் கத்தி இருக்கும்போதும் சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். ஒரே ஒரு முறை செய்தேனா? கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். இல்லை!

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மகள் அழைத்தாள். அதிசயமாக, "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லவில்லை. "அப்பா, ஆபீஸ்ல..." என்று தொடங்கினாள். நான், "பதவி உயர்வுதானே! எனக்கு அப்பவே தெரியும்!" என்றேன். பக்கத்து வீட்டுக்குச் சன்னல் வழியாகவே அறிவித்தேன். திரும்பி வந்து தொலைபேசியைக் காதில் வைத்தேன். பிறகு, "சரிப்பா. அம்மாகிட்ட குடுங்க."

மறுநாள் கடையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். மெய்யாகவே கொடுத்தேன். அதன் பிறகு அவள் என் எண்ணுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டாள். நேராக அம்மாவின் எண்ணுக்கு. தொலைபேசியை மாற்றிக் கொடுக்கும் அந்த வேலையும் போயிற்று.

இந்த நிலையில்தான் தலைவர் மூன்று வாரம் வெளியூர் போக நேர்ந்தது. வகுப்பை யார் நடத்துவது? ஏழு நோட்டு வைத்திருப்பவனைத் தவிர வேறு யாருக்குத் தகுதி? முதல் நாளே ஒரு மைக் வாடகைக்கு எடுத்து வந்தேன். மௌனத்தின் மேன்மை, மௌனத்தின் மாட்சி, மௌனத்தின் மகத்துவம் என்று முன்னுரை நாற்பது நிமிடம். பின்வரிசையிலிருந்து நம் பேருந்து ஓட்டுநர் தம்பி கையைத் தூக்கினார். மிகுந்த பணிவோடு கேட்டார்: "அண்ணே, வண்டி எப்ப கிளம்பும்?" அன்று வண்டி கிளம்பவில்லை. அடுத்த வகுப்புக்கு அவரும் வரவில்லை. மூன்றாம் வாரம் இந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, கீழே ஓடிக்கொண்டிருந்த சலவை இயந்திரம். அந்த மூவரில் இயந்திரம் மட்டும்தான் எனக்குப் பதில் சொன்னது.

தலைவர் திரும்பி வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. இடையில் புகுந்தவள் என் மனைவி. "இவருக்கு நிஜமாவே காது கேக்கலையோன்னு சந்தேகமா இருக்கு, ஒரு தடவ பாத்துடுங்க" என்று நாள் குறித்து, நேரம் குறித்து, என்னைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

அந்த அறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அலமாரி அளவு இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு. கனத்த கதவு. எதிரே ஒரு கண்ணாடிச் சன்னல், அதற்கு அப்பால் நம் தலைவர். என் காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். மெல்லிய சத்தம் வரும், கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கதவு மூடியது. நான் அமுக்கினேன். மீண்டும் அமுக்கினேன். எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன் என்ற பெருமையில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துச் சிரித்தேன்.

அவர் குரல் காதுக்குள் வந்தது. "சார், நான் இன்னும் சத்தமே அனுப்பல."

கைதட்டாதீர்கள். அந்த அறைக்குள் யாரும் கைதட்டவில்லை. பஞ்சுச் சுவருக்குள் நான் எச்சில் விழுங்கும் ஓசை எனக்கே கேட்டது. பதினோரு முறை அமுக்கியிருக்கிறேன்! வராத சத்தத்துக்குப் பதினோரு பதில்! ஓடு வாங்க வந்தவருக்கு அப்படித்தானே சொன்னேன்? இந்த வகுப்பை அப்படித்தானே நடத்தினேன்? ஆபீஸ்ல என்று ஒரு சொல் எடுத்த மகளுக்கு?

"மறுபடி பண்ணலாம் சார். அவசரமில்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் ஏழு நோட்டிலும் இல்லாத உபதேசம் அது. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தொலைவில், நூல் இழுத்தது போல ஒன்று வந்தது. வந்தது! ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாக, நான் வரவழைக்காமல் ஒன்று என்னிடம் தானாக வந்தது.

பெரியோர்களே, தாய்மார்களே! ஆசிரியர் என்ன செய்வார்? கதவைத் திறந்து உள்ளே உட்கார வைப்பார். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து கண்ணிமைக்காமல் பார்ப்பார். சத்தத்தைக்கூட அனுப்புவார். ஆனால் கேட்பது யார்? அந்தச் சின்ன அறைக்குள் உங்களுக்குப் பதிலாக அவர் கேட்க முடியுமா? அவர் இல்லையென்றால் நான் அந்த அறைக்கே போயிருக்க மாட்டேன். நான் கேட்கவில்லையென்றால் அவர் பத்தாண்டு உட்கார்ந்தும் பயனில்லை. இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி நல்லது. அது இல்லாவிட்டால் அங்கேயும் நான் பேசத் தொடங்கியிருப்பேன்.

முடிவு வந்தது. "ரெண்டு காதும் அருமையா இருக்கு" என்றார் தலைவர். என் மனைவி பெருமூச்சு விட்டாள். "அப்ப இது இன்னும் மோசமாச்சே."

அன்று மாலை மகளை நானே அழைத்தேன். "அன்னைக்கு ஆபீஸ்லன்னு ஏதோ சொல்ல வந்த. நான் விடல" என்றேன். கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன். மறுமுனையில் ஒன்றுமில்லை. நாக்கு துடித்தது. அண்ணத்தில் ஒட்டி வைத்தேன். சுவர்க் கடிகாரம் ஒரு தொழிற்சாலை போல ஓடியது. "லைன்ல இருக்கீங்களாப்பா?" என்றாள். "ம்" என்றேன். ஒரே ஓர் எழுத்து. என் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான்.

பேசினாள். அரை மணி நேரம் பேசினாள். முடித்துவிட்டாள் என்று தோன்றிய இடத்தில் மூன்று எண்ணினேன். இரண்டு எண்ணும்போதே மறுபடி தொடங்கினாள். அவள் சொல்ல வந்தது முழுவதும் அந்த இரண்டாவது எண்ணுக்கு அப்பால்தான் இருந்தது.

பிறகும் பழைய பழக்கம் என்னை விடவில்லை. "அம்மாகிட்ட குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. எதுவும் பேச வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா லைன்ல இருங்க."

இருந்தேன்.

அவள் என்ன சொன்னாள்? அதோ, ஓரத்தில் ஓர் அம்மா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். பேருந்து ஓட்டுநர் தம்பி காதைத் தீட்டுகிறார். பதவி உயர்வு இல்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதற்கு மேல்? அடுத்த வீட்டுச் செய்தியை அவர்களுக்கு முன்னால் அறிந்து, அவர்களுக்கே சொல்லி வாழ்ந்தவன் நான். இந்த மேடைக்கு வருமுன் அவளிடம் அனுமதி கேட்டேன். "லைன்ல இருந்தத மட்டும் சொல்லுங்கப்பா" என்றாள். ஆகவே சொல்ல மாட்டேன்! என் மனைவி முகத்தைப் பாருங்கள். இவ்வளவு நேரமும் அவள் அஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தான்.

ஏழு நோட்டில் நான் எழுதி வைத்ததெல்லாம் என் ஆசிரியருடையது. வாயில் அடக்கி வைத்திருக்கும் இந்த ஒன்றுதான் என்னுடையது. அதை அவர் சொல்லித் தரவில்லை. அதற்கான இடத்தைத்தான் காட்டித் தந்தார்.

இத்தனை நேரம் என் பேச்சில் குறுக்கே வராமல் இருந்த உங்களுக்கு நன்றி. என்னால் ஒரு நாளும் முடியாததை நீங்கள் செய்திருக்கிறீர்கள். தலைவர் அவர்களுக்கு, பதினோரு மன்னிப்போடு சேர்த்து ஒரு நன்றி. தம்பி, வண்டி இப்போது கிளம்பும். மைக்கை அணைக்கிறேன். இருபது நிமிடம் உட்காருவோம். வணக்கம்.