எல்லாக் கார்களும் ஒன்றுதான்

சகலருக்கும் இத்தால் அறியத்தருவது: கல்முனைக் கரையோர ஒரே ரகத் திறந்தசக்கரக் கார்ப்போட்டியின் தலைவரும், விதி எழுதியவரும், கார்களைப் பரிசோதிப்பவரும், கொடி காட்டுபவரும் நான் ஒருவனே. வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதல்ல, இன்ஸ்பெக்டர் சேர். தேடவில்லை.

போட்டியின் பெருமையே, எல்லாக் கார்களும் என் பட்டறையில், ஒரே மோட்டார்சைக்கிள் எஞ்சினோடு செய்யப்பட்டவை என்பதுதான். வெல்வது ஓட்டுபவன், கார் அல்ல. மேடைக்கு மேடை இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அதை நிரூபிக்க ஒரு விதியும் எழுதினேன்: புறப்படுமுன் இருவர் சம்மதித்தால் காரை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வருடம் முழுக்க யாரும் மாற்றவில்லை. என் மூத்த சகோதரி நபீலா ராத்தாவின் மகன் றிபாத் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இந்தக் கார் இழுக்குதில்ல."

"எல்லாம் ஒண்டுதான் மகன்."

கடைசி ஓட்டத்துக்கு வரும்போது அவனும் காரைதீவு டிலக்சனும் சம புள்ளி. கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று நினைத்தேன். மாமன் நினைப்பதுதானே. பரிசோதனையின்போது டிலக்சனின் காரில் முன்சக்கர நட்டைத் தளர்த்திவிட்டேன். அவன் ஓரமாக ஒதுங்கி நிற்கட்டும் என்றுதான். அந்த வேகத்தில் ஒதுங்க முடியாது என்பதும் தெரியும். கார் செய்தவனுக்குத் தெரியாமலா.

நான் கொடிமேடையில் ஏறிய பிறகு, றிபாத் வழமைபோல் தன் காரைத் திட்டினான். டிலக்சன் சிரித்தபடி இறங்கி வந்தான்.

"இந்தா மச்சான், என்டத எடு. இனிக் கார்ல பழி போட ஏலா."

"தோத்தா அழப்படா, ஓமா?"

"ஓம், ஓம். நீ ஏறு."

இருவரும் என் அனுமதிக்காக நிமிர்ந்து பார்த்தார்கள். விதி என்னுடையது. தலையாட்டினேன்.

சிவப்புக் கொடி என் இடது கையில் இருந்தது. உயர்த்தினால் ஓட்டம் நிற்கும். நின்றால் ஏன் என்று கேட்பார்கள். முன்வரிசையில் ராத்தா இருந்தா. முதல் சுற்றில் நட்டுத் தாங்கியது. தாங்கும் என்று நானும் நம்பத் தொடங்கினேன். இரண்டாம் சுற்றில் சக்கரம் மட்டும் முதலில் வந்தது. கார் பின்னால், தலைகீழாக.

றிபாத்தை அடக்க எடுக்குமுன், மையத்து வீட்டில் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டா. "நீ செஞ்ச கார்ல பிழையில்ல தம்பி. அல்லாஹ்ட நாட்டம்."

ஓம் என்றேன்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சேர். டிலக்சனுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை.

ஓட்டம் பாதியில் நின்றதால் கிண்ணம் யாருக்கும் வழங்கப்படவில்லை. அது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.