கடைமடை ராஜ்ஜியம்

அன்று காலை நான் வழக்கத்தைவிட ஓர் இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன், இன்ஸ்பெக்டர் சார். தக்காளிச் சட்னி நன்றாக வந்திருந்தது. நான் பதற்றத்தில் இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

செல்போன் ஆட்டத்துக்காகவா என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்ட விதத்திலேயே நீங்கள் அதை ஆடியதில்லை என்று தெரிகிறது. ஊர் உலகமெல்லாம் ஆடுகிற ராஜ்ஜியச் சண்டை அது. கோட்டை கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், பலமில்லாதவன் பலமுள்ளவனுக்குக் கப்பம் கட்ட வேண்டும். என் ராஜ்ஜியத்தின் பெயர் தலைமடை. சுற்றியிருந்த சில்லறை ராஜ்ஜியங்கள் எல்லாம் வாயைத் திறக்காமல் எனக்கு நெல் அனுப்பிக்கொண்டிருந்தன.

ஒருவன் மட்டும் அனுப்பவில்லை. தன் ராஜ்ஜியத்துக்குக் கடைமடை என்று பெயர் வைத்திருந்தான். ஆட்டத்தில் அவன் பெயர் 'இனியவன் எம்.எஸ்ஸி.' பொம்மைக் கோட்டைக்குக்கூடப் பட்டத்தோடு போய் நிற்கிற ஆள். எங்கள் வாய்க்காலில் அந்தப் பெயருக்கு வேறு ஆள் கிடையாது. அவன் அப்பா வீரையன் எங்கள் வயலில் நாற்றுப் பறித்தவர். மகன் வாய்க்காலின் கடைசியில் ஓர் ஏக்கர் வாங்கிவிட்டு, மிராசுதார் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். என் நிலம் வாய்க்காலின் தலைப்பில். ஆட்டத்தில் நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"கப்பமெல்லாம் கெடையாதுங்க. வேணும்னா வந்து எடுத்துக்கங்க" என்று எல்லாரும் படிக்கிற பொது அரட்டையில் எழுதினான். போனேன். தோற்றேன். நோஞ்சான் ராஜ்ஜியங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, என் படை எப்போது கிளம்பினாலும் விழித்திருந்து அடித்தான். என் ஆட்களே அவனுக்குக் கைதட்டும் படம் போட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

கடைசிப் போருக்கு நாள் குறித்தோம். அப்போது அவன் எழுதினான்: "அன்னைக்கிக் காலைல எனக்குத் தண்ணி முறைங்க. ரோட்டடிக் குழாய்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு, உள்ள எறங்கி எடுக்கணும். பயிரு கதிர் வாங்குற நேரம். மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாமாங்க?"

தான் இருக்கப்போகும் இடத்தை எதிரிக்கே எழுதி அனுப்புகிற ராஜாவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எம்.எஸ்ஸி. படித்து என்ன பயன். "தாராளமா போய்ட்டு வாங்க தம்பி. மத்தியானம் வரைக்கும் என் படை நகராது" என்று எல்லாரும் பார்க்கப் பதில் போட்டேன்.

நீங்கள் வெளியூர்க்காரர், எங்கள் வாய்க்கால் வழக்கம் தெரிந்திருக்காது. முறை யாருடையதோ, அன்று குழாய்க்கு முன்னால் இருக்கிற ஷட்டர் அவன் பொறுப்பு. இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டுக் குழாயைச் சுத்தம் செய்வான், பிறகு ஏற்றித் தண்ணீர் பாய்ச்சுவான். வேறு எவனும் அதைத் தொட மாட்டான். வரப்புக்காக வெட்டிக்கொள்ளும் பங்காளிகூடத் தொட மாட்டான். பலமில்லாதவர்களுக்கு இப்படிச் சில வழக்கங்கள் தேவைப்படுகின்றன. எனக்கு அந்தக் குழாயே தேவையில்லை. என் வயல் அதற்கு முன்பே நனைந்துவிடும்.

இனியவனும் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் குழாய்க்குள் போனான். நான் கரையில் நடந்து வருவதை அவன் மனைவி மேகலா பார்த்தாள். குழாய் வாயில் குனிந்து, "ஷட்டர்கிட்ட யாரோ வர்றாங்க, வெளில வாங்க" என்றாள். உள்ளேயிருந்து அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"இன்னைக்கி நம்ம முறை, மேகலா. யாரும் தொட மாட்டாங்க."

சக்கரத்தைச் சுற்றினேன். ஷட்டர் முழுதாக மேலேறும் வரை சுற்றினேன். வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆகாயத்தாமரையோடு அவனும் உள்ளே அடைத்துக்கொண்டான். மேகலா ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "எறக்குங்க, எறக்குங்க" என்று கெஞ்சினாள். நான் இறக்கவில்லை. தண்ணீர் தண்ணீர் என்றுதானே பறந்தான், கொடுத்தேன்.

கை தவறித் திறந்துவிட்டதாகச் சொல்லும்படி என் வக்கீல் சொல்கிறார். அந்தக் கேவலம் எனக்கு வேண்டாம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்துதான் திறந்தேன். அவன் சாக வேண்டும் என்றுதான் திறந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வாக்குத் தவறியவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் செத்த பிறகும் வீட்டில் உட்கார்ந்து, மத்தியானம் ஆகும் வரை பொறுத்திருந்துதான் என் படையை நகர்த்தினேன். கள்ளாட்டம் ஆடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.