முதல் கட்டத்தில் அப்பா பேர்

இசக்கிதுரை: ...பொய்யில்லட்டி லதா. யூனிவர்சிட்டில இருந்து எனக்குத்தான் வந்திருக்கு. ‘அன்புள்ள இசக்கிதுரை, உங்களை வரவேற்கிறோம்’னு.

லதா: அப்பா, அது எனக்கு வந்தது.

இசக்கிதுரை: உம்பேரு இசக்கிதுரையா?

லதா: போனைக் குடுங்க, பாக்குறேன்... ஐயோ! மெயில் ஐடியே உங்க பேருல இருக்கு! இசக்கிதுரை டாட் எஸ்!

இசக்கிதுரை: டாட்டெல்லாம் போட்டிருக்கானா?

லதா: சிரிக்காதீங்க. ஷீஜா சேச்சி கம்ப்யூட்டர் கடையில ஃபாரம் போடும்போது என்ன சொன்னீங்க?

இசக்கிதுரை: ஃபர்ஸ்ட் நேம் என்னன்னு கேட்டா. நமக்கு அப்பன் பேருதானே முன்னால நிக்கும்? இ. ஸ்வர்ணலதா. அதான் முதக் கட்டத்துல எம்பேரைச் சொன்னேன், அடுத்த கட்டத்துல உம்பேரைச் சொன்னேன். வரிசை சரிதானே?

லதா: இங்க கேரளாவுல எல்லாரும் சொந்தப் பேரைத்தான் முதல்ல போடுவாங்க. இனிஷியல் பின்னாலதான் வரும்.

இசக்கிதுரை: அது அவங்களுக்கு. நேத்து கார்ப்பரேஷன் ஷெட்டுல எங்க ஹெல்த் இன்ஸ்பெக்டர் வெங்கிடேஸ்வரன் சார் இருக்காருல்லா, அவருதான் சத்தமா வாசிச்சுக் காட்டினாரு. அந்த செல்லப்பா பய, ‘காலேஜ் மாப்பிள, நாளைக்கு உன் வாரியலைப் பிடிச்சுத் தெருவை யாரு தூத்துவா?’ங்கான்.

லதா: ஊர் பூரா காட்டியாச்சா? எனக்கு வெக்கமா இருக்கு. க்ளாஸ்ல என்னை இசக்கிதுரைன்னு கூப்பிடுவாங்க.

இசக்கிதுரை: கூப்பிட்டா நான் ‘ஓ’ன்னு வாறேன்.

லதா: வெளையாடாதீங்கப்பா! எனக்கு உங்க பேரு வேண்டாம். நீங்கதானே கெடுத்தீங்க, நீங்களே ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் பண்ணி மாத்தச் சொல்லுங்க. இன்னைக்கே.

இசக்கிதுரை: சரிட்டி... சரி. பண்ணுதேன். சாயா ஆறுது, குடி.

* * *

ரதீஷ்: ஹெல்ப் டெஸ்க் டோக்கன் பதினாலு... வா மோளே, இரி. பாஸ்வேர்ட் மறந்து போச்சா?

லதா: இல்ல சார். பேரு விஷயம்.

ரதீஷ்: ஐடி கார்டைக் காட்டு... ஸ்வர்ணலதா. ஆஹா, நீயா! மட்டாஞ்சேரி அண்ணாச்சியோட மோள்!

லதா: அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?

ரதீஷ்: போன்லதான். போன மாசம் ஏழாம் தேதி கம்ப்ளெயின்ட் பதிஞ்சது அவர்தானே. அப்புறம் ஓணம் லீவு, சர்வர் மாத்துற வேலை... இப்பத்தான் அந்த லிஸ்டைக் கையில எடுத்தேன். லேட்டாயிடுச்சுன்னு சண்டை போட வந்தியா? ரெண்டு மினிட், இப்ப மாத்திரலாம்.

லதா: சார்... மாத்தாதீங்க.

ரதீஷ்: எந்தா?

லதா: மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

ரதீஷ்: எட்டு வருஷமா இந்தச் சீட்ல இருக்கேன். பேர் தப்பு, மாத்துன்னு தினமும் பத்துப் பேர் வருவாங்க. தப்பாவே இருக்கட்டும்னு வந்தது நீ ஒருத்திதான். என்ன காரியம்?

லதா: அப்பாதான்... வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க.

ரதீஷ்: அவரா? நம்ப முடியலையே. ‘மகளுக்கு வெக்கமா இருக்கு சார், சாயங்காலம் அவ வாறதுக்குள்ள சரி பண்ணிக் குடுங்க’ன்னு ஒரே காலைல மூணு தடவை கூப்பிட்ட ஆள்.

லதா: மூணு தடவையா?

ரதீஷ்: மூணு. நாங்க கதவு திறந்ததும் முதல் போன் அவரோடது. கடைசியா பன்னெண்டு மணி ஆகப்போகும்போது ஒண்ணு. ஏன், உன்கிட்ட சொல்லலையா?

லதா: ...இல்ல.

ரதீஷ்: கேளு மோளே. கார்டுல ஒரு பேர், கம்ப்யூட்டர்ல ஒரு பேர் இருந்தா பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது. இன்னைக்கு அஞ்சு மணியோட லிஸ்டை மூடிருவோம்.

லதா: மாத்தினா... பழைய பேரு எங்க சார் போகும்?

ரதீஷ்: எங்க போகும்? அழிஞ்சிரும்.

லதா: முழுசாவா? உள்ள எங்கேயாவது, ஒரு மூலையிலயாவது இருக்காதா?

ரதீஷ்: நீ என்ன, கம்ப்யூட்டர் சயன்ஸா?

லதா: மலையாளம் பி.ஏ. ஆனர்ஸ், நாலு வருஷக் கோர்ஸ். சும்மா... தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். மெயில் ஐடியும் போயிடுமா?

ரதீஷ்: அது... அது அப்புறம் பேசலாம். முதல்ல இந்தப் பேரை முடிப்போம்.

லதா: வேண்டாம் சார். கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிக்கிறோம். எங்க கையெழுத்துப் போடணும்?

ரதீஷ்: நீ போட்டா ஆகாது, கேட்டோ. பதிஞ்சது அவர், நம்பரும் அவரோடது. அவர் வாயால சொல்லணும்.

லதா: அவங்க டியூட்டில இருக்காங்க.

ரதீஷ்: மணி மூணாச்சே. காலைல ஆறு மணி டியூட்டின்னு அவர்தான் சொன்னார். இப்ப வீட்டுலதான் இருப்பார். இரி, நான் கூப்பிடுறேன்.

லதா: சார், வேண்டாம் சார்...

ரதீஷ்: சாரமில்ல, அதனால ஒண்ணுமில்ல. எனக்கும் அவர்கூடப் பேச ஆசைதான். பேசினா சிரிக்க வைப்பார் மனுஷன்... ரிங் போகுது... மோளே, உன் பேக்லயா அடிக்குது?

லதா: இது... அப்பா போன்தான் சார்.

ரதீஷ்: அண்ணாச்சி போனை உன்கிட்ட குடுத்துட்டாரா?

லதா: ஓடிபி இதுலதான் வரும். அதனால எடுத்துட்டு வந்தேன்.

ரதீஷ்: அப்ப அவர்?

லதா: அன்னைக்கேதான் சார். ஏழாம் தேதி. மட்டாஞ்சேரி யூதர் தெருவைத் தூத்து முடிச்சுட்டு, பைப்புல கை கால் கழுவிட்டு உக்காந்தாங்களாம். எந்திரிக்கல. பன்னெண்டரை மணின்னு செல்லப்பா மாமா சொன்னாங்க. கார்ப்பரேஷன் ரெஜிஸ்டர்ல பேரை எடுத்தாச்சு. நேத்து ரேஷன் கார்டுலயும் வெட்டிட்டாங்க. இங்க ஒண்ணுலதான் இருக்கு... அன்னைக்குக் காலைல நான்தான் சார், அப்பாகிட்ட ‘உங்க பேரு எனக்கு வேண்டாம்’னு சொன்னேன்.

ரதீஷ்: ...தண்ணி குடி மோளே. குடி... நானும் உன்கிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டேன். கடைசித் தடவை அவர் கூப்பிட்டப்ப வெளியில வரிசை நீளமா நின்னுது. ‘எல்லாம் மாத்தியாச்சு அண்ணாச்சி, ஐடியும் மாத்தியாச்சு, சமாதானமாப் போங்க’ன்னு ஒரு பொய்யைச் சொல்லி போனை வெச்சேன். ‘அப்பாடா, எம் மக இனி பேசுவா’ன்னார். நீ கேட்டு வந்தா என்ன சொல்றதுன்னு இத்தனை நாளா ஒரு பயம் எனக்கு. ஹால் டிக்கெட்டுக்காக உள்ள இருக்குற பேரை இப்ப மாத்துறேன், அதுக்கு வேற வழியில்ல. ஆனா ஐடி ஒருக்கா உண்டாக்கினா உண்டாக்கினதுதான். அதை மாத்த என்னாலயும் முடியாது, வைஸ் சான்சலராலயும் முடியாது. நாலு வருஷமும் நீ இசக்கிதுரை டாட் எஸ்தான்.