பனியில் நட்ட நான்கு கிளைகள்

வனப்பூங்காவில் படம் எடுக்கப் போகிறவர் முதலில் நல்ல கம்பளிக் காலுறை வாங்க வேண்டும். கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கால் விறைத்துப் போனால் கை அவசரப்படும். கை அவசரப்பட்டால் படம் கெட்டுப் போகும். பதினோரு வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்.

என் பெயர் உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். லியோனஸ், ஓய்வுபெற்ற நில அளவையாளன், வயது அறுபத்தெட்டு. ஆல்தோனா என்ற பெண் குளத்தில் மூழ்கியதைப் பார்த்த ஒரே சாட்சி. ஜனவரியில் இதே காவல் நிலையத்தில், இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தேன். அப்போது உங்கள் நாற்காலியில் வேறோர் அதிகாரி இருந்தார். அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது கொஞ்சம் உண்டு. வருகிற திங்கட்கிழமை ஸ்தாஸிஸ் என்பவன் நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அவன் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் மீதியைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கக் கேட்டார்கள். நம் வனப்பூங்காவின் ஒரே இடம், நான்கு பருவங்கள், நான்கு படங்கள். குளத்தின் தென்கரையைத் தேர்ந்தெடுத்தேன். முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் மூன்று முளை அடித்தேன். ஒரே உயரம், ஒரே திசை, காலை ஒன்பது இருபது. நாற்பது வருடம் நிலம் அளந்தவனுக்கு வேறு விதமாக வேலை செய்யத் தெரியாது.

வசந்தத்தில் எடுத்த படத்தில் ஆல்தோனா தானாக வந்து விழுந்தாள். எதிர்க்கரை முழுக்க வெள்ளைப் பூ. அதன் நடுவே மஞ்சள் மழைக்கோட்டுடன் அவள். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் போன பிறகு தினமும் வாத்துகளுக்குக் கறுப்பு ரொட்டி எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவாள்.

"என்ன சர்வேயரே, குளம் எங்கேயாவது நகர்ந்து போயிடும்னு காவல் காக்கிறீங்களா?" என்றாள்.

"நீங்க கொஞ்சம் நகருங்க. படத்துக்குள்ள நிக்கறீங்க."

"நிக்கிறேன், அதனால என்ன? முப்பது வருஷம் இந்த ஊருக்கே மாத்திரை எண்ணிக் கொடுத்தவ நான். ஒரு படத்துல நிக்கறதுக்கு யோக்கியதை இல்லையா?"

வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவள் இல்லாத படங்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு அவள் வரும் நேரம் பார்த்துத்தான் முக்காலியை விரித்தேன். கோடையில் கிண்ணம் நிறைய அவுரிநெல்லிப் பழத்தோடு வந்தாள், உதடெல்லாம் நீலம். இலையுதிர் காலத்தில் காளான் கூடையோடு வந்தவள் லென்ஸைக் கையால் பொத்தினாள்.

"மூடுங்க இதை. பின்னாடி அந்தக் கோணல் பிர்ச் மரம் தெரியுது. அது என் காளான் இடம். படத்தைப் பார்த்தா நாளைக்கே ஊர் பூரா கூடையோட வந்து நிக்கும்."

"படம் நூலகத்துலதானே மாட்டப் போறாங்க."

"என் நாத்தனார் தினம் போற இடமே அந்த நூலகம்தான்."

நான் பிர்ச் மரத்தை மறைக்க அவளையே இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். சொன்ன இடத்தில் நின்றாள். நான் சொன்ன இடத்தில் நிற்கும் பழக்கம் அவளுக்கு அன்றுதான் வந்தது. அதை நான்தான் பழக்கினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் குளிர்காலம். உறைந்த குளம், சுத்தமான வெள்ளை, நடுவில் சிவப்புத் தொப்பியோடு என்னை நோக்கி நடந்து வரும் ஆல்தோனா. ஜனவரி முழுக்க அந்தப் படம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. பனி விழவில்லை. கடைசி வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பொழிந்தது. சாயங்காலம் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் கரையைச் சுத்தி வராதீங்க. குளத்துக்குக் குறுக்கே நேரா என்கிட்ட வாங்க."

"அங்க ஸ்தாஸிஸ் கும்பல் குளிக்கிற துளை இருக்கே?"

"கிளை நட்டிருக்காங்க. பார்த்து வாங்க."

"பார்க்காம பின்ன? போன மாசம்தான் புதுக் கண்ணாடி போட்டிருக்கேன்."

நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளிர்காலக் குளியலுக்கு உறைந்த நீரில் துளை வெட்டுகிறவன் அதன் மூலைகளில் ஊசியிலைக் கிளை நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கிளை தெரிந்தால் ஒதுங்கிப் போவோம். தெரியாவிட்டால் தைரியமாகக் கால் வைப்போம். துளைமேல் மெல்லிய ஏடு உறைந்து, அதைப் பனியும் மூடிவிட்டால் மறுநாள் பனிக்கட்டியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, கிளையைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைகள்கூட அந்தக் கிளைகளைப் பிடுங்கி விளையாடுவதில்லை.

ஸ்தாஸிஸைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு குறைவு. பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிறவன், குடிப்பான், சீட்டில் ஏமாற்றுவான். ஆனால் குளிர்நீர்க் குளியல்காரர்களுக்கு அவன்தான் தலைவன். சனிக்கிழமை துளையைத் திறந்து, குளித்து முடித்ததும் நான்கு மூலைக்கும் கிளை நட்டு, அடியில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுத்தான் போவான். அந்தச் சனிக்கிழமையும் நட்டிருந்தான். எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அந்த நான்கையும் பிடுங்கியவன் நான்.

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வெளிச்சம் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது. தட்டில் வைத்த பாலாடைக்கட்டியில் நான்கு ஈ உட்கார்ந்தது போல, படத்தின் நடுவில் அந்தக் கிளைகள் கறுப்பாக நின்றன. கேமராவைக் கொஞ்சம் திருப்பியிருக்கலாம். ஆனால் மற்ற மூன்று பருவங்களும் அந்தத் திசையில்தான் எடுத்திருந்தேன். ஒரு பாகை மாறினாலும் நான்கு படங்களும் ஒரே இடமாக இராது. படம் எடுத்ததும் திரும்ப நட்டுவிடலாம், பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றும் நம்புகிறேன்.

கிளைகள் லேசில் வரவில்லை. ஸ்தாஸிஸ் அவ்வளவு ஒழுங்காக நட்டிருந்தான். ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் ஆட்டிப் பிடுங்கினேன். குழிகளில் கையால் பனியை நிரப்பினேன். என் காலடித் தடம் வெள்ளையைக் கெடுத்ததால், கரையை நோக்கிப் பின்புறமாக நடந்தபடியே ஒரு கிளையால் தடங்களைப் பெருக்கிக்கொண்டு வந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மிக அழகாக இருந்தது. துளை எங்கே இருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஒன்பது பதினெட்டுக்கு எதிர்க்கரையில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. குளத்தில் இறங்கிப் பத்தடி வந்து நின்றாள். இடமும் வலமும் பார்த்தாள்.

"சர்வேயரே, கிளையைக் காணோமே? துளையை வேற பக்கம் மாத்திட்டாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. கேமராவுக்காக நடக்கிறோம் என்று நினைவு வந்தால் அவள் உடம்பு விறைத்துவிடும், தோளைத் தூக்கிக்கொள்வாள். பேச்சுக் கொடுத்தால் நடை போய்விடும். அவள் வரும் கோட்டுக்கும் துளைக்கும் நடுவே இரண்டு கஜம் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தேன். நாற்பது வருடம் அளந்த கண். கையை உயர்த்தி, வாருங்கள் என்று அசைத்தேன்.

வந்தாள். ஒன்பது இருபதுக்கு எடுத்த படம்தான் உங்கள் கோப்பில் இருப்பது. அடுத்த படம் எடுப்பதற்குள் அவள் இல்லை.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. ஒன்பது இருபத்தேழுக்கு அவசர உதவிக்குப் பேசினேன். ஏழு நிமிடம் ஏன் என்று அந்த அதிகாரி கேட்டார். என் வயதில் முழங்கால் பனியில் வேகமாகப் போக முடியாது என்றேன். அது உண்மை. துளையருகே நான் போனபோது அவள் தலை தெரியவில்லை என்றேன். அதுவும் உண்மை. கிளை இருந்ததா என்று கேட்டபோது படத்தைக் கொடுத்தேன். அவராகவே பார்த்துக்கொண்டார். மீட்புக்காரர்கள் சுற்றிலும் பனிக்கட்டியை உடைத்ததில் கிளை நட்ட குழிகளும் போய்விட்டன. ஸ்தாஸிஸ் நட்டான் என்பதற்கு அவன் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சியது. நடவில்லை என்பதற்கு என் படம் இருந்தது.

படத்தைக் கண்காட்சியில் மாட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆல்தோனாவின் மகள், "அம்மாவோட கடைசி நடை, எல்லாரும் பார்க்கட்டும் ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாட்டினோம். வசந்தம், கோடை, இலையுதிர் மூன்றையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்காலத்துக்கு முன்னால் நின்று அழுதார்கள். அழுது முடித்து ஸ்தாஸிஸைத் திட்டினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். யாரோ என் தோளைத் தட்டி, "பாவம், நீங்க எப்படித்தான் தாங்கினீங்களோ" என்றார். தலையை ஆட்டினேன்.

முதல் மாதங்களில் ஸ்தாஸிஸ் கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சத்தியம் செய்தான். "நட்டேன்யா. என் கையால நட்டேன். தண்ணிகூட ஊத்தினேன்." கேட்டவர்கள், "எந்தத் தண்ணிடா, ஊத்தினதா குடிச்சதா?" என்று சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை போயிற்று. கோடையோடு அவன் பேச்சு குறைந்தது. குடியையும் விட்டுவிட்டான். இறந்தோர் நாளன்று அவள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போனேன். எனக்கு முன்னாலேயே வந்து மண்டியிட்டிருந்தான்.

நேற்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தான்.

"ஐயா, ரொம்ப நாள் யோசிச்சுப் பார்த்தேன். நான் நடலை போலிருக்கு."

தேநீர்க் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் நட்டவன்தானே? அந்த ஞாபகத்துல, இதையும் நட்டதா நினைச்சுட்டேன் போல. படத்துல இல்லையே. படம் பொய் சொல்லுமா?"

"மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும் ஸ்தாஸிஸ்," என்றேன். வாய் தானாகச் சொன்னது. குரல் கனிவாகவே வந்தது. அவன் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னான். எழுந்து போகும்போது தயங்கி நின்றான்.

"அந்தப் படத்துல ஒரு பிரதி கிடைக்குமாய்யா? வீட்டுல, கட்டிலுக்கு எதிர்ல மாட்டணும். தினம் காலையில கண்ணு முழிச்சதும் பார்க்கணும். மறக்கக் கூடாது பாருங்க."

போட்டுக் கொடுத்தேன். நல்ல தாளில், சட்டத்துக்கு விளிம்பு விட்டு. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான். என்ன செய்தோம் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஆல்தோனாவுக்குச் செய்தது பத்து நிமிடத்தில் முடிந்தது. இவனுக்குப் பத்து மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அவன் தன் கையால் செய்த ஒரு நல்ல காரியத்தை அவன் நினைவிலிருந்தே பிடுங்கிவிட்டேன். குழியையும் மூடி, தடத்தையும் பெருக்கிவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கிளைகள் இருந்தன. நான்கு. ஸ்தாஸிஸ் நட்டவை.

அந்த ஏழு நிமிடத்தையும் எழுதிவிடுங்கள். அவள் உடனே மூழ்கவில்லை. பனிக்கட்டியின் விளிம்பை இரண்டு முழங்கையாலும் பிடித்திருந்தாள். தொப்பி நனையவில்லை. அலறவும் இல்லை. என்னைப் பார்த்து, அத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "லியோனஸ், கம்பு" என்றாள். குளியல்காரர்கள் ஆபத்துக்கென்று வைத்திருக்கும் நீளக் கம்பு எனக்கு இடப்பக்கம், பத்தடி தூரத்தில் சாய்ந்திருந்தது. பிடுங்கிய கிளைகள் வலப்பக்கம் கிடந்தன. கரைக்குப் பின்னால் இருந்த மேட்டில் பனிப் பாரத்தால் ஒடிந்த கிளைகள் நிறையக் கிடந்தன, அவற்றோடு போட்டுவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மேடு அறுபது தப்படி. போக அறுபது, வர அறுபது.

நான் முதலில் வலப்பக்கம் போனேன்.