உள்ளே ஒரே நாற்காலி

உக்காருங்கக்கா, எங்க எழுந்திரிக்கிறீங்க? தட்டினாலும் திறக்க மாட்டாங்க. உங்க மருமக இப்பதானே உள்ள போனா. மூணாவது எப்பன்னு கேக்கறதுக்கு நீங்களும் கூடப் போகணுமா? உள்ள நோயாளிக்குன்னு ஒரே ஒரு நாற்காலி. நீங்க போனா நிக்கணும். உங்க முட்டி தாங்குமா?

சேச்சே, கஞ்சத்தனம் இல்லக்கா. பெரிய டாக்டரம்மா ஏற்பாடு. தோ, சுவத்துல முறைச்சுக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான். போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாங்க. போட்டோ எடுக்க வந்தவனையும் அப்படித்தான் முறைச்சாங்களாம். இப்ப உள்ள இருக்கறது அவங்க தயார் பண்ணின சின்ன டாக்டர். நாற்காலி மட்டும் அதேதான். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவங்க உக்காந்தா போதும்பாங்க.

என்னது, அவளுக்குப் பேச வராதா? அட, எனக்கும் வராதுன்னுதான் என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாங்க. சிரிக்காதீங்க! கான்வென்ட்ல படிச்சவ நான், மேடையேறி இங்கிலீஷ்ல விளாசிக் கப்பெல்லாம் வாங்கியிருக்கேன். ஆனா உடம்பைப் பத்தின்னா வாயில கொழுக்கட்டைதான். அந்த சிஸ்டருங்க தவளையை அக்குவேறா ஆணிவேறா அறுத்துக் காட்டினாங்க. புத்தகத்துல பொம்பளை உடம்பு வர்ற பக்கத்தை மட்டும் பசை போட்டு ஒட்டிட்டாங்க. தவளைக்கு ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடலாம், அவ்வளவுதான் என் படிப்பு.

எனக்கு வரிசையா மூணு பிள்ளைங்க. கடைசிக்கப்புறம் மாடிப்படி ஏறினாலே கண்ணு இருட்டும். நாலாவது ஏன் இன்னும் காணோம்னு என் மாமியார் இங்க இழுத்துட்டு வந்தாங்க. ஆமாக்கா, நீங்க இவளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, அதே மாதிரிதான். நான் நாற்காலியில, அவங்க என் தோளைப் பிடிச்சுக்கிட்டு பின்னால. தலை சுத்துதான்னு டாக்டரம்மா என்னைக் கேக்கறாங்க, அதெல்லாம் இல்லன்னு பதில் பின்னாலேர்ந்து வருது. தூக்கம் வருதா? நல்லா வருது. பசிக்குதா? நல்லாப் பசிக்குது. டாக்டரம்மா பேனாவை மூடினாங்க. சரிம்மா, அப்ப நீங்களே மேஜையில ஏறிப் படுங்க, உங்களையே பாத்துடறேன்னாங்க. என் மாமியார் வெளிய ஓடின வேகம் இருக்கே!

அப்புறம் கதவைச் சாத்திட்டு என்கிட்ட ஒரே கேள்வி. உனக்கு என்ன வேணும்? வீட்டுக்காரருக்கு என்ன வேணும்னு இல்ல, பெரியவங்களுக்கு என்ன வேணும்னு இல்ல. உனக்கு. எனக்கு அழுகைதான் வந்துச்சு. அவங்க ஒண்ணும் சமாதானம் சொல்லல. அந்தப் பக்கம் திரும்பிக் கை கழுவிக்கிட்டே இருந்தாங்க. சுத்தமான கையை அவ்வளவு நேரம் யாராவது கழுவுவாங்களா? பெத்தது போதும்னேன். போதும்னா போதும், அதுக்கு வழி இருக்குன்னாங்க.

என் மாமியாரா? அவங்க எங்க திரும்பி வந்தாங்க! இதே பெஞ்சுல ஒரு தையக்காரம்மா அவங்களைப் பிடிச்சுக்கிட்டாங்க. முட்டி வலியில ஆரம்பிச்சு மருமக சமையல் வரைக்கும் வாயைப் பிடுங்கினதுல, என் மாமியார் கதவுப் பக்கமே பாக்கல. ரொம்ப நல்ல பொம்பளைன்னு வீட்டுக்கு வந்து ஒரே பாராட்டு வேற.

தோ, கதவு திறந்தாச்சு. வர்றா பாருங்க, முகமெல்லாம் கழுவிட்டு.

நானா? எனக்கு என்ன கேடு, கல்லாட்டம் இருக்கேன். வைத்தியத்துக்கு வரலக்கா. தையக்காரம்மாவுக்கு அப்புறம் இந்த பெஞ்சு என்னுது. கூட வர்றவங்களைப் பேச்சுல பிடிச்சு வைக்கறதுதான் டாக்டரம்மா எனக்குக் குடுத்த வேலை. முடிஞ்சதும் உண்மையைப் போட்டு உடைச்சிடணும்ங்கறது எனக்குன்னு அவங்க புதுசா போட்ட கண்டிஷன். கோவம் உன் மேல வரட்டும்டி, உனக்குத் தோல் தடிமன், அந்தப் பொண்ணு மேல போகக் கூடாதும்பாங்க.

அவ உள்ள என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. நீங்க என்னைத் திட்டுங்கக்கா. வாய் நிறையத் திட்டுங்க, தெருமுனை வரைக்கும் கூடவே வர்றேன்.

நீ முன்னால நடம்மா.